கடைசியாகத் தொட்டது யார்

அவரை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் சோம்பேறி என்றுதான் நினைப்பார்கள். மெஷின் நின்றுவிட்டது என்று ஆள் அனுப்பினால் வருவார். பையைக் கீழே வைப்பார். மெஷின் பக்கமே திரும்பாமல், அதைச் சுற்றி நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். பிறகு மெதுவாகக் கேட்பார்: "கடைசியா யாரு தொட்டது?"

இந்தக் கேள்விக்கு ஒருவரும் நேராகப் பதில் சொன்னதில்லை. நான் இல்லை, நான் அந்தப் பக்கமே போகவில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "தொட்டது தப்புன்னு சொல்லலீங்க. எங்க இருந்து தேட ஆரம்பிக்கிறதுன்னு தெரியணும்ல" என்பார். அப்படியும் வாய் திறக்காதவனிடம் அதே கேள்வியை இரண்டாவது தடவை கேட்பார், மூன்றாவது தடவை கேட்பார். குரல் உயராது. அந்த உயராத குரலுக்கு எங்கள் ஸ்டோரில் எல்லோருக்கும் பயம்.

தேயிலை ஆலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டம் அது. அங்கே அவர் எலக்ட்ரீசியன், நான் கிளார்க். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது, அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டு வேலை நடந்த காலத்தில் அங்கே கம்பி இழுத்தவர். காக்கிக் கால்சட்டையும், முன்னால் இருந்த துரை கொடுத்துவிட்டுப் போன பழைய கோட்டும் போட்டிருப்பார். டயர் செருப்பு இல்லாமல் ஸ்டோருக்குள் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் என்னை "கிளாக்கரய்யா" என்பார். இல்லாவிட்டால் "தம்பி." நான் அவரை எப்போதும் அண்ணன் என்றே கூப்பிட்டேன்.

தோட்டத்தை நடத்தும் பெரிய துரை கொழும்பில் ஏதோ ஓர் ஏலத்தில் மலிவாக ஒரு வெல்டிங் மெஷின் வாங்கி லொறியில் அனுப்பினார். பச்சை பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி. கரண்டைக் கூட்டிக் குறைக்க மேலே ஓர் இரும்புச் சக்கரம். வந்த அன்றைக்கே அது வேலை செய்யவில்லை. மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் மாணிக்கம் வெல்டிங் குச்சியை இரும்பில் வைத்தால் ஒரு பொறி வரும், குச்சி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். "தொர நல்லா ஏமாந்துட்டாரு" என்றார் டீமேக்கர். அவர்தான் ஸ்டோருக்குப் பொறுப்பு. துரை இல்லாத இடத்தில் துரையைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அண்ணன் வந்தார். கேட்டார். மாணிக்கம் மெஷினின் இன்னொரு வயரை, வேலை செய்யும் இரும்பு மேசையில் கவ்வியால் கவ்வ வைத்ததாகச் சொன்னான்.

"இந்த மேசைக்கு பெயிண்ட் அடிச்சது யாரு?"

போன வாரம் துரை வருகிறார் என்று சொல்லி ஒரு கிழவர் அடித்திருந்தார். கிழவர் நடுங்கிப்போய் நின்றார். அண்ணன் கத்தியை எடுத்து, மேசை விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, அங்கே கவ்வியை மாட்டினார். மாணிக்கம் குச்சியை வைத்ததும் ஸ்டோர் முழுக்க வெளிச்சம் அடித்தது.

"பெயிண்ட் அடிச்சவரு மேலயும் தப்பில்ல, கவ்வி மாட்டுனவன் மேலயும் தப்பில்ல" என்றார். "நடுவுல பெயிண்ட் இருந்துச்சு. அவ்வளவுதான்."

வீட்டிலும் அவர் இப்படித்தான். லயத்து வரிசை வீடுகளில் அவருடைய ஒற்றை அறைக் காம்பிராவில் பல ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். அவர் மனைவி ரொட்டி தட்டிக்கொண்டே சொல்வார்: "கறியில உப்பு கூடிருச்சுன்னா, கூடிருச்சுன்னு சொல்லிட்டு சாப்பிட வேண்டியதுதானே? இவரு, எப்ப போட்ட, எந்தக் கரண்டியில போட்ட, அதுக்கப்புறம் யாரு மூடியத் தொறந்தான்னு கேப்பாரு. கோர்ட்டுல நிக்கிற மாதிரி இருக்கு தம்பி." பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் பெரியவள் ரொட்டியைப் பிய்த்தபடியே, "நான்தாப்பா ரெண்டாவது தடவ போட்டேன்" என்று சொல்லும்வரை சாப்பிட ஆரம்பிக்க மாட்டார்.

இந்தக் குணத்தால் ஒரு பெண்ணின் வேலை பிழைத்ததும் உண்டு. துரை பங்களாவில் வேலைக்காரர்களைக் கூப்பிடும் மின்சார மணி, யாரும் அமுக்காமலே அடிக்கத் தொடங்கியது. அங்கே துடைக்கிற பெண்தான் விளையாடுகிறாள் என்று துரைசாணி முடிவு கட்டி, மறுநாள் நிறுத்திவிடுவதாக இருந்தார். அண்ணன் ஒரு நாள் முழுக்க பங்களாவின் சமையல் குசினியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மணி அடிக்கும்போது யார் எங்கே நின்றது, எந்தக் கதவு திறந்திருந்தது, காற்று எந்தப் பக்கம் இருந்து வந்தது. கடைசியில் ஒரு ஜன்னலைக் காட்டினார். அது காற்றில் சாத்திக்கொள்ளும்போதெல்லாம் சட்டத்தின் அடியில் போன வயர் நசுங்கி, உரிந்த இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் அவர் காலில் விழப்போனாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நான் ஒனக்காகத் தேடலம்மா. தப்பு அங்க இருந்துச்சு" என்றார்.

தம்மையும் அவர் விட்டதில்லை. ஒருமுறை, தேயிலை காயவைக்கும் அடுப்பு விசிறியின் மோட்டாரைக் கழற்றி மாட்டிய பிறகு புகை முழுவதும் ஸ்டோருக்குள் திரும்பிவிட்டது. அடுப்புக்காரன் பச்சை விறகு போட்டான் என்று டீமேக்கர் கத்தினார். அண்ணன் எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டு, நேராகத் துரையின் ஒபிசுக்கு நடந்தார். இரண்டு வயரை மாற்றிப் போட்டுவிட்டேன், விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது, தப்பு என்னுடையது என்று சொன்னார். மூன்று நாள் வேலை கிடையாது என்று துரை அனுப்பிவிட்டார்.

"பேசாம வயர மாத்திட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"அடுப்புக்காரன் பேருல நிக்குமே தம்பி. அது அங்க நிக்கக்கூடாது."

அந்த வருடம் ஆடி மழை வழக்கத்தைவிட முன்னாலேயே பிடித்துக்கொண்டது. மழை வந்ததும் வெல்டிங் மெஷினுக்குப் புதுத் தொந்தரவு. சுவிட்சைப் போட்டதுமே ஃபியூஸ் எரிந்துவிடும். மெஷினை அடுப்புப் பக்கம் தள்ளி வைத்து ஒரு நாள் காயவிட்டால் ஓடும். "சரியாப் போச்சு" என்பார் டீமேக்கர். "சரியாப் போகலீங்கய்யா, காஞ்சிருக்கு" என்பார் இவர்.

ஒரு மத்தியானம் ஒபிஸ் வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டே அது என்ன நோய் என்று எனக்கு விளக்கினார்.

"உள்ள சுத்தியிருக்குற கம்பி பழசு. மேல இருக்குற ஒறை வெடிச்சிருச்சு. ஈரம் பட்டா கரண்டு கசிஞ்சு பொட்டிக்கு வருது. பொட்டியில எர்த் வயரு மாட்டியிருக்கு பாருங்க, அது வழியா மண்ணுக்குப் போயிருது. ஃபியூஸ் எரிஞ்சு மெஷினு நின்னுருது. ஃபியூஸ் போறதத் தொந்தரவுன்னு நெனக்கிறாங்க. அது நல்லதுக்குத்தான் போகுது."

"எர்த் வயரு இல்லாட்டி?"

"இல்லாட்டி ஃபியூஸ் போகாது, மெஷினு பாட்டுக்கு ஓடும். ஆனா பொட்டி பூரா கரண்டு நிக்கும். ஈரக் காலோட தொட்டவன் எந்திரிக்க மாட்டான்."

மெஷினைக் கொழும்புக்கு அனுப்பிக் கம்பியைப் புதிதாகச் சுற்ற வேண்டும் என்று துரையிடம் சொன்னார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் துரை.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு விசாரணைக் கடிதம் வந்தது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு அவர் மனுப் போட்டு ஏறக்குறையப் பத்து வருடம் ஆகியிருந்தது. நுவரெலியாவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இடைவிடாமல் இந்த நாட்டிலேயே இருந்ததற்குத் தாள் காட்ட வேண்டும். பிறந்த சீட்டு, பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக் கடிதம், தோட்டத்துப் பதிவுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். நோட்டன் பிரிட்ஜில் இருந்த காலத்துக்குத்தான் ஒரு தாளும் இல்லை. "அந்த மூணு வருசம் எங்க இருந்தன்னு கேட்டா என்ன சொல்றது தம்பி? அந்த அணையப் போய்க் கேளுங்கன்னா சொல்றது?" என்று கேட்டார். எல்லோரையும் கேட்கிறவரை மற்றவர்கள் கேட்கப் போகிறார்கள். அந்த வாரம் முழுக்க அவருக்குக் கவனம் சரியாக இல்லை. கையில் வைத்திருந்த குறட்டையே தேடினார்.

புறப்படும் நாள் காலையில் மெஷினின் மூடியைத் திறந்து, எர்த் வயரைக் கழற்றி, உள்ளே எதையோ சோதித்துவிட்டு, மறுபடி மாட்டி மூடினார். பிறகு நானும் நிற்கும்போதே டீமேக்கரிடம் சொன்னார்: "நாளைக்கு சாயங்காலம் வந்துருவேன். அதுவரைக்கும் இத ஓட்டாதீங்கய்யா."

அவர் பஸ் ஏறிய அன்று மத்தியானமே அடுப்பு விசிறியைத் தாங்கும் இரும்புச் சட்டம் வெடித்தது. மேல் மாடியில் வாட்டப்போட்ட கொழுந்து கிடந்தது. விசிறி ஓடாவிட்டால் அத்தனையும் குப்பை. டீமேக்கர் மாணிக்கத்தைக் கூப்பிட்டு வெல்டிங் மெஷினைப் போடச் சொன்னார். ஃபியூஸ் எரிந்தது. மாற்றினான். மறுபடி எரிந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன் வரட்டுங்கய்யா" என்றான் மாணிக்கம்.

"அண்ணன் வர்ற வரைக்கும் கொழுந்து காத்துக்கிட்டு இருக்குமா?"

அப்போது நான் பேசினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு கிளார்க் அந்த இடத்தில் வாய் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. "எர்த் வயரக் கழட்டிட்டா ஃபியூஸ் போகாது, அண்ணனே சொன்னாரு" என்றேன்.

அண்ணன் அதற்குப் பிறகு சொன்னது எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வரவில்லை என்றுதான் நீண்ட காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதுதான் நிஜம்.

அடுப்புக்காரன் விறகு எடுக்க வெளியே போயிருந்தான். அங்கே நாங்கள் மூன்று பேர்தான். "அண்ணனே சொன்னாருன்னா சரிங்க" என்று மாணிக்கம் எர்த் வயரைப் பிடித்திருந்த நட்டைக் கழற்றினான். தொலைந்துபோகாமல் இருக்க, "இத வச்சிருங்க கிளாக்கரய்யா" என்று என் கையில் கொடுத்தான். வயரை ஓரமாக வளைத்து வைத்தான். சுவிட்சைப் போட்டான். ஃபியூஸ் போகவில்லை. காய்ந்த பெட்டிப் பலகை ஒன்றின்மேல் உட்கார்ந்து சட்டத்தின் ஒரு பக்கத்தை ஒட்டி முடித்தான். விசிறி ஓடியது. டீமேக்கர் என் தோளில் தட்டி, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார்.

மறுநாள் காலை மற்றப் பக்கத்தையும் ஒட்டப் போனான். கூரை ஒழுகித் தரை நனைந்திருந்தது. மாணிக்கத்துக்குச் செருப்புப் போடும் பழக்கம் கிடையாது. கரண்டைக் கூட்டுவதற்காகச் சக்கரத்தைப் பிடித்திருக்கிறான். நான் ஒபிசில் இருந்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. அடுப்புக்காரன் ஓடிவந்துதான் சொன்னான். நான் போனபோது மெயினை அணைத்து அவனை இழுத்துப் போட்டிருந்தார்கள். அவன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பேச வந்ததை நிறுத்திக்கொண்டவன் மாதிரி இருந்தான்.

டீமேக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ ஒண்ணும் பாக்கல, நானும் ஒண்ணும் பாக்கல. வயரு கழண்டு கெடந்துச்சு. வெளங்குதா?" என்றார். நான் தலையாட்டினேன். நட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அதை ஆற்றில் போட்டேன்.

அன்று ஐந்து மணி பஸ்ஸில் அண்ணன் வந்து இறங்கினார். விசாரணையில் அந்த மூன்று வருடத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். பிஸ்கட் டின்னைக் கக்கத்தில் இடுக்கியபடியே ஸ்டோருக்குள் வந்தார். யாரோ வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். மெஷினுக்கு முன்னால் குந்தி, வளைந்து கிடந்த எர்த் வயரை வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை. அன்றைக்கு அவர் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை.

பொலிஸ் வந்தது. துரையின் ஒபிசில் எல்லோரையும் விசாரித்தார்கள். மெஷினை ஓட்டாதே என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார் டீமேக்கர். என்னைக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் கிளார்க், மெஷின் பக்கம் போவதில்லை என்றேன். அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. எர்த் வயரைச் சரியாக மாட்டாமல் போனது எலக்ட்ரீசியனின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். வேலை போனது. வேலை போனால் காம்பிராவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, அவருடைய மனு தள்ளுபடியானதாகவும் கடிதம் வந்தது. திருச்சிப் பக்கத்தில் தன் கூடப்பிறந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவரே அதுவரை அந்த ஊரைப் பார்த்ததில்லை.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மூன்று தகரப் பெட்டிகள், ஒரு மூட்டை. பிள்ளைகள் இரண்டும் புதுச் சட்டையில் குளிரில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் அழுதார். தோட்டத்தில் இருந்து வழியனுப்ப வந்தது நான் ஒருவன்தான்.

ரயில் வர நேரம் இருந்தது. அண்ணன் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கமாக அழைத்துப் போனார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். இனிமே அதவச்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல. தெரிஞ்சிக்கிட்டுப் போகணும், அவ்வளவுதான்."

"கேளுங்கண்ணே."

"டீமேக்கர் ஐயாவக் கேட்டேன். சாமி மேல சத்தியம் பண்ணி, தொடலன்னாரு. அடுப்புக்காரன் தொடல. மாணிக்கம் அவனா அதத் தொடமாட்டான், யாராவது சொல்லியிருந்தாத்தான் உண்டு. அன்னைக்கு நீங்க அங்க இருந்தீங்களா? யாராச்சும் அதக் கழட்டுனாங்களா?"

அவர் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கோபத்தோடு கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

"இல்லண்ணே. நான் ஒபிசுல இருந்தேன்."

இரண்டாவது தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்காமல் விட்டதே கிடையாது. கேட்டால் இந்தமுறை சொல்லிவிடுவேன் என்றுகூட நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து, "நீங்க சொன்னா சரிதான் தம்பி" என்றார்.

தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நான்தான். கடைசியாத் தொட்டது நான். நல்லா முறுக்குனேன்னுதான் ஞாபகம் இருக்கு. ஆனா அன்னைக்கு மனசெல்லாம் விசாரணையில இருந்துச்சு. அரைகொறையா முறுக்கிட்டுப் போயிருக்கேன். மெஷினு அதிர்ந்து நட்டு கழண்டு விழுந்திருக்கும், கூட்டுறப்ப குப்பையோட போயிருக்கும்."

"அப்படியெல்லாம் நெனைக்காதீங்கண்ணே."

"வேற எல்லாரையும் கேட்டாச்சே தம்பி."

ரயில் வந்தது. பெட்டிகளை ஏற்றினோம். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு அவர் மறுபடி கீழே இறங்கி வந்தார்.

"மாணிக்கம் பொஞ்சாதிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லிருங்க. யாரால போச்சுன்னு தெரியாம அந்தப் புள்ள காலம்பூரா யோசிச்சுக்கிட்டு இருக்கக்கூடாது. என் கைத்தப்புன்னு சொல்லுங்க. நேருல வந்து சொல்ல எனக்குத் தைரியம் வரல."

சொல்கிறேன் என்றேன். அவருடைய ஊர் விலாசத்தைக் கேட்கவில்லை. அவர் கொடுக்க மறந்தாரா, நான் கேட்கப் பயந்தேனா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தள்ளிப் போட்டேன். நான்காவது ஞாயிறு மாணிக்கத்தின் லயத்துக்குப் போனேன். அவன் மனைவி வாசலில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். அவர் போய்விட்டார், போகும்போது இப்படிச் சொல்லச் சொன்னார், நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டது தன் தப்பு என்றார்.

அவள் குழந்தையின் தலையில் தண்ணீரை ஊற்றி முடித்தாள். துண்டால் துவட்டினாள்.

"அவரே வாயால சொன்னாருங்களா?"

"ஆமா."

"அவரு ஒரு நட்ட முறுக்குனா மூணு தடவ தொட்டுப் பாப்பாருன்னு எங்க வீட்டுக்காரரு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு." குழந்தைக்குச் சட்டையை மாட்டினாள். "அவரே நம்புற மாதிரி யாரோ அவருகிட்ட பொய் சொல்லியிருக்காங்கய்யா."

அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னாள். பிறகு எழுந்து, உள்ளேயிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டாள்.

"உக்காருங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

நான் உட்கார்ந்தேன். அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.